நிற்கிறவையும் பறக்கிறவையும்

பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில், மனைவி பிறந்த நெடுந்தீவுக்குப் போகும்போது நாங்கள் இருவரும் ஒரே படகில் ஏறமாட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் ஒன்றாகப் போவோம், ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்போம், பிறகு அதிகம் பேசாமல் பிரிந்துவிடுவோம். மகனும் நானும் காசு கேட்காத மெதுவான படகில். மகளும் அவளும் தனியார் படகில். அது பிந்திப் புறப்பட்டு முந்திப் போய்ச் சேரும். நடுக்கடலில் அவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். மகள் கை காட்டுவாள். மகன் காட்டமாட்டான். தன்னை முந்துவது அவனுக்குப் பிடிக்காது.

ஒரு வீட்டை முழுக்க ஒரு வள்ளத்தில் ஏற்றக்கூடாது என்பது எங்கள் தீவுப் பக்கத்துப் பல வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கடலுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் இருப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து ஒருவன் லண்டனுக்கும் ஒருத்தி கனடாவுக்கும் போன பிறகும் நாங்கள் இருவரும் அப்படியே தனித்தனிப் படகில் போய்க்கொண்டிருந்தோம். பழக்கம் என்பது காரணம் செத்த பிறகும் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தர்.

அந்தப் பழக்கத்தை நான் ஒரு மடிக்கணினிக்குள்ளும் கொண்டுபோனேன்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு நடைமுறை உண்டு, நடைமுறைக்கு ஒரு சுற்றுநிருபம் உண்டு, சுற்றுநிருபத்துக்கு ஒரு திருத்தம் உண்டு என்று அறிந்தவன். என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற எவரையும் "மூண்டு பிரதி கொண்டு வாருங்கோ" என்று சொல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. மழையில் தோணி ஏறி வந்தவர்களையும் அனுப்பியிருக்கிறேன். வெளியில் போய் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதும் பல வாய்களால் என் காதுக்கு வந்து சேர்ந்தது; அதற்கும் மூன்று பிரதிக்குக் குறைவில்லை.

மனைவி விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு மகள் கொண்டுவந்து கொடுத்த கமெராவைத் தூக்கிக்கொண்டு பறவைகளுக்குப் பின்னால் போகத் தொடங்கினாள். மடத்துவெளிக் கரையில் நிற்பாள், வேலணைக்குப் போகும் பாலத்து வீதியில் நில அளவைக்காரர்போல் கமெராவை முக்காலியில் நிறுத்திக்கொண்டு நிற்பாள். சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி, "ரோட்டை அகலமாக்கப் போயினமோ, ரீச்சர்?" என்று கேட்பார்கள். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டுவாள். அவர்கள் மெல்லச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார்கள்.

எடுத்த படங்களை மடிக்கணினியில் இரண்டு கோப்புறைகளில் போட்டு வைத்திருந்தாள். ஒன்றின் பெயர் 'நிற்கிறவை'. மற்றது 'பறக்கிறவை'. ஒரு விஞ்ஞான ஆசிரியை பூநாரை, கூழைக்கடா, உள்ளான் என்று இனம் இனமாகப் பிரிக்காதது எனக்குக் குறையாகப் பட்டது. கேட்டேன்.

"எடுக்கேக்கை ரெண்டு விதந்தான் இருக்குது," என்றாள். "ஒண்டுக்கு மூச்சைப் பிடிக்க வேணும். மற்றதுக்கு ஓட வேணும்."

நிற்கிறவற்றில் ஒரு படம் இருந்தது. நெடுந்தீவில், அவளுடைய தாய்வீட்டுக்கு அப்பால், தண்ணீர் வற்றிய கரையில் எடுத்தது. கல்லுத்தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் ஒரு சாம்பல் நாரை. காற்றே இல்லாத காலை. நாரைக்கு மேலே இருந்த வானம் அப்படியே அதன் காலுக்குக் கீழேயும் இருந்தது. எது மேல், எது கீழ் என்று கண் தேடிக் களைத்துப் பிறகு தேடுவதை விட்டுவிடும். அந்தப் படத்துக்கு முன்னால் இருந்தால் நான் கதிரையில் இருக்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்துபோகும்.

எங்கள் சனசமூக நிலையத்துக்குப் புது மண்டபம் கட்டியபோது சுவரில் மாட்ட ரீச்சரின் படங்கள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். நடுச்சுவருக்கு அந்த நாரை என்று அவள் உடனேயே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளின் படங்களைச் சுவரில் ஒட்டியவள், தன்னுடையது என்று ஒன்றை மாட்டச் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. மற்றச் சுவர்களுக்கானவற்றைத் தெரிவு செய்வதுதான் பாக்கி. அதற்குத்தான் மடிக்கணினி விடவில்லை.

அது மகன் பாவித்துவிட்டு அனுப்பியது. உள்ளே இரண்டு டிரைவ்கள். ஒன்று சிறியது, சுழலும் பாகம் இல்லாதது, கெதியானது, வேகமாக ஓடுவது; விண்டோஸ் அதில் இருந்தது. மற்றது பெரியது, உள்ளே தட்டுச் சுழலுவது, ஆறுதலானது, மெதுவாக ஓடுவது. படங்கள் எல்லாம் அதில். வயது போய், எல்லாமே ஆறுதலாகிவிட்டிருந்தது. அவள் ஒரு கோப்புறையைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். கொதித்த பிறகு வந்து பார்ப்பாள். பாதிப் படங்கள் முகம் காட்டியிருக்கும்.

"லினக்ஸ் எண்டு ஒண்டு இருக்கு," என்றேன் ஒருநாள். "அதைப் போட்டால் இந்தப் பழசும் கெதியா ஓடும்."

"அப்ப விண்டோசை எறியப் போறியளோ?"

"இல்லை. ரெண்டும் இருக்கும். திறக்கேக்கை எது வேணும் எண்டு கேக்கும்."

"ஒரு வீட்டிலை ரெண்டு குசினி."

"ஓம், அப்பிடித்தான்."

"அது ஒருநாளும் சரிவந்ததில்லை," என்றாள்.

ஓய்வு பெற்ற உத்தியோகத்தனுக்கு ஒரு நடைமுறையைப் புதிதாகப் படிக்கக் கொடுப்பது பட்டினி கிடந்த ஆட்டைக் கீரைப் பாத்திக்குள் விடுவது போன்றது. கிடைத்த வழிகாட்டி எல்லாவற்றையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான்: தொடங்குவதற்கு முன் உங்கள் கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வையுங்கள். என் மேசைக்கு முன்னால் நின்ற சனம் எப்படித் தலையாட்டினார்களோ அப்படியே தலையாட்டிவிட்டு நான் அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்த வரிகள் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றில் ஒன்று இன்றைக்கும் என் நினைவில் மிதக்கிறது. விண்டோஸை மூடினால் அது மூடியதாகக் காட்டுமாம்; சில கணினிகளில் உண்மையில் அது அரைத்தூக்கத்தில்தான் கிடக்குமாம். அடுத்த தடவை கெதியாக எழும்புவதற்காக, விட்ட இடத்தை நினைவில் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். அந்த நேரம் பார்த்து லினக்ஸ் வந்து அதே டிரைவில் எதையாவது எழுதினால், எழும்பியதும் அது தன் கனவில் இருந்ததைத்தான் உண்மை என்று சாதிக்கும். ஆகவே முதலில் அந்த அரைத்தூக்கத்தை நிறுத்தி, முழுதாக உறங்கப் பழக்க வேண்டும். நான் நிறுத்தினேன். பின்னேரச் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கிடந்தபோது, எனக்கும் இப்படி ஒரு பொத்தான் எங்காவது இருக்கும் என்று தோன்றியது. கச்சேரி மணி இன்னும் எனக்குள் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு பிரிப்பு. விண்டோஸின் உள்ளே இருந்துகொண்டே கெதியான டிரைவில் அதன் எல்லையைச் சுருக்கினேன். வெளியில் இருந்து சுருக்கினால் சண்டை வரும், காணியிலும் அப்படித்தான். விட்ட இடத்தில் லினக்ஸைக் குடியேற்றினேன். தொடக்கத்தில் ஒரு சிறு துண்டு உண்டு, கணினி திறக்கும்போது முதலில் பார்ப்பது அதைத்தான். அதை அழிக்கக்கூடாது, இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசல் படலை அது. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கெதியான டிரைவில் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஆறுதலான டிரைவையும் சும்மா விடவில்லை. அங்கேயும் எல்லைகளைத் தள்ளி, மாற்றி, ஒழுங்குபடுத்தினேன். ஒரு பகல் முழுக்க அது உள்ளுக்குள் உருட்டி உருட்டிச் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். 'பறக்கிறவை' முழுவதையும் கெதியான டிரைவுக்குக் கொண்டுபோனேன். 'நிற்கிறவை' ஆறுதலானதிலேயே இருந்தது. பிரதி எடுக்கவில்லை, இடம்தான் மாற்றினேன்.

"ஏன் பிரிச்சனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"ரெண்டு படகிலை ஏத்தியிருக்கிறன். ஒண்டுக்கு ஏதும்..."

நான் முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை. தீவில் பிறந்தவளுக்கு அது விளங்கியது. இன்னும் சொன்னால், அதில் ஒரு அழகும் தெரிந்தது எங்களுக்கு. பறக்கிறவை கெதியான படகில், நிற்கிறவை ஆறுதலான படகில். இருவரும் திருப்தியோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வேறு ஊரில் யாராவது எங்களைப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே சிரித்திருப்பார்கள்.

அதன் பிறகு வந்த கிழமைகள் நல்லவை. திறக்கும்போது கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். அவள் எப்போதும் ஒரு கணம் யோசிப்பாள், சட்டைத் துணி தெரிவு செய்கிறவள்போல. லினக்ஸுக்குள் போனால் ஆலாப் பறவைகள் பொலபொலவென்று வந்து திரையை நிறைத்துவிடும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கவும் நேரம் இராது. பின்னேரங்களில் யன்னலால் வரும் உப்புக்காற்றும் மின்விசிறியின் காற்றும் அறையின் நடுவில் சந்திக்கும் இடத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு பறவைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு கூழைக்கடா இறங்குவதை எட்டு, பத்துப் படங்களாகப் பார்த்தால், வெளியில் வெயில் நகர்ந்ததே தெரியாது. சில நேரம் நான் அயர்ந்துவிடுவேன். எழும்பும்போதும் ஏதோ ஒன்று பறந்துகொண்டிருக்கும்.

ஒரு பின்னேரம், 'டிக், டிக்' என்று கேட்டது.

"பல்லி சொல்லுது," என்றாள். எந்தத் திசை என்று இருவரும் திரும்பிப் பார்த்தோம். தெற்கு என்றால் ஒரு பலன், கிழக்கு என்றால் இன்னொன்று. அவள் நம்புகிறவள் இல்லை. ஆனால் திசையைப் பார்க்காமலும் விடமாட்டாள். நல்ல திசைதான் என்று முடிவு செய்தோம். அடுத்த நாளும் சொல்லியது. அதற்கு அடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியது. பல்லியைக் காணவில்லை. சுவரில் தேடியவள், மெல்லக் குனிந்து மடிக்கணினியில் காதை வைத்தாள்.

"இஞ்சை பாருங்கோ," என்றாள். "இது உள்ளுக்கை இருந்து சொல்லுது."

நிற்கிறவை திறக்கவில்லை. சுட்டும் குறி சுழன்றுகொண்டே இருந்தது. தட்டு எழும்பப் பார்க்கும், தட்டுத் தடுமாறும், டிக் என்று சொல்லும், திரும்பக் கிடக்கும். நான் உடனே கணினியை நிறுத்தினேன். அதுவும் நடைமுறைதான், சாகிற டிரைவை ஓட விடக்கூடாது.

"பறக்கிறவை இருக்குது தானே," என்றேன். "பாதி தப்பினது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"மகன் உங்களோடை வந்தவன். மகள் என்னோடை வந்தவள். ஒரு படகு கவிண்டிருந்தால், மற்றப் படகிலை இருந்த ஆள் 'பாதி தப்பினது' எண்டு சொல்லியிருக்குமோ?"

நான் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினேன்.

"பிள்ளையளைப் பிரதி எடுக்க ஏலாது. அதாலை பிரிச்சம். இதை எடுத்திருக்கலாம் தானே?" பிறகு, கச்சேரியில் நான் பேசுகிற குரலில், கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மூண்டு பிரதி கொண்டு வாருங்கோ."

அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முற்றத்தில் போய் நின்று கடல் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து கடல் தெரியாது. நடுச்சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது என்று அன்று காலைதான் சனசமூக நிலையத்தில் இருந்து சொல்லி விட்டிருந்தார்கள்.

பஸ்ஸேறி யாழ்ப்பாணம் போய் வெளியில் செருகும் பெரிய டிரைவ் ஒன்று வாங்கி வந்தேன். லினக்ஸைப் பென் டிரைவில் இருந்து திறந்து, சாகிறதில் ஒரு எழுத்தும் எழுதாமல், வாசிக்க மட்டும் செய்யும் ஒரு கருவியை ஓட விட்டேன். அதன் வேலைமுறை எனக்குப் புதியது. வாசிக்க முடியாத இடம் வந்தால் அங்கே நின்று மல்லுக்கட்டாதே, தாண்டிப் போ, இலகுவாக வருவதை எல்லாம் முதலில் எடு, பிறகு திரும்பி வந்து கடினமானவற்றிடம் மெல்லக் கேள். இப்படி ஒரு சுற்றுநிருபம் எங்கள் காலத்தில் கச்சேரிக்கு வந்திருந்தால் தீவுப் பகுதி முழுவதும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

பல நாட்கள் ஓடியது. அந்த நாட்கள் நாட்கள் போலவே இல்லை. அறைக்குள் சத்தம் குறைத்துப் பேசினோம், காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டில் பேசுவதுபோல. டிக் என்று கேட்டால் இருவரும் மூச்சைப் பிடிப்போம். இரைந்து ஓடத் தொடங்கினால் விடுவோம். அவள் மேசைக்குப் பக்கத்தில் இருந்து முருங்கையிலை ஆய்ந்தாள். பச்சை இலை சுளகில் விழும், திரையில் ஒரு இலக்கம் மெல்ல ஏறும், எங்கோ உள்ளே ஒரு கொக்கு இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்கு வந்து சேரும். நாரைகளும் பூநாரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள்ளால் நடந்து வருவதாக நான் நினைத்துக்கொண்டேன். பறந்தால் கெதியாக வந்திருக்கும். ஆனால் அவை நிற்கிறவை.

"நீங்கள் தான் அதைப் போட்டு அலைக்கழிச்சியள்," என்றாள் ஒருமுறை, இலையில் இருந்து கண்ணை எடுக்காமல். "வயது போனதைச் சாமான் தூக்க விட்டால்."

"அது முந்தியே ஏலாமல் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். சொல்லத் தெரியேல்லை அதுக்கு."

முடிந்தபோது பெரும்பாலானவை வந்து சேர்ந்திருந்தன. சில மட்டும் ஒரு விதமாக வந்திருந்தன. படம் ஒன்று மேலிருந்து கீழாகத்தான் எழுதப்பட்டிருக்குமாம்; நடுவில் ஒரு துண்டு வாசிக்கப்படாவிட்டால் அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே தலை இருந்தது, கழுத்து இருந்தது, இறகின் ஓரத்தில் வெயில் இருந்தது. கால் இல்லை. கால் இல்லாத உள்ளான்கள், கால் இல்லாத கொக்குகள், ஒன்றுமில்லாத சாம்பலின் மேல் மிதந்துகொண்டு எங்களைப் பார்த்தன. நிற்கிறவை என்று பெயர் வைத்த கோப்புறையில் நிற்கவே முடியாதவை.

நெடுந்தீவு நாரையும் அப்படித்தான் வந்திருந்தது. வயிறு வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே ஒரே சாம்பல்.

அவள் அதை நிறைய நேரம் பார்த்தாள்.

"வானம் மேலை மட்டும் தான் இருக்குது," என்றாள்.

"நடுச்சுவருக்குப் பறக்கிறது ஏதும் குடுப்பமோ? நல்லது நிறைய இருக்குது."

"நான் இதைத்தான் சொன்னனான்." பிறகு சொன்னாள்: "நெடுந்தீவுக்குப் போவம். அது அங்கை தான் நிக்கும்."

"அதே நாரையோ?"

"ஏன், நீங்கள் ஓய்வு எடுத்த பிறகும் காலமை பஸ் வாற நேரத்துக்குப் படலையடியிலை போய் நிக்கிறியள் தானே? நாரைக்கும் பழக்கம் இருக்கும்."

விடிந்து கொஞ்சத்தில் குறிகட்டுவானுக்குப் போனோம். ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தோம். தண்ணீர் அசையவில்லை. நயினாதீவுக் கோபுரம் பாலில் ஊறியதுபோல் அக்கரையில் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மெதுவான படகில் சனம் ஏறிக்கொண்டிருந்தது. அரிசி மூட்டைகள், ஒரு புதுக் கதவு, இரண்டு கோழிகள். நான் வழமைபோல் அந்தப் பக்கம் நடந்தேன். அவள் தனியார் படகுப் பக்கம் போவாள் என்று எண்ணித் திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் நின்றாள்.

"உம்மடை படகு அங்கை," என்றேன்.

"தெரியும்."

"ரெண்டு பேரும் ஒண்டிலையோ?"

"இனி என்ன? எங்கடை பிரதி ரெண்டும் வெளிநாட்டிலை பத்திரமாக் கிடக்குது." பையைத் தோளில் சரிசெய்தாள். "ஏறுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

ஏறினோம். பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். கலியாணம் முடித்த புதிதில் இப்படி இருந்திருப்போம், நினைவில்லை. இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்தது. கரை மெல்லக் கரைந்து, தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, படகு எங்கோ போகிறது என்பதற்கு அந்தச் சத்தம் மட்டும்தான் சாட்சியாக இருந்தது. நடுவழியில் தனியார் படகு எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒரு சிறுபிள்ளை கை காட்டியது. நாங்கள் இருவரும் கை காட்டினோம். எதிர்ப்பலகையில் இருந்த கிழவர் எங்களுக்குத் தெரிந்த ஆட்கள் என்று எண்ணி அவரும் காட்டினார்.

கரையில் நாரை நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை. மூன்றாம் நாள் வெயில் ஏறுவதற்கு முன், அதே கல்லுத்தரையில், அதே அளவு தண்ணீரில் நின்றது. அதுவோ வேறொன்றோ, எங்களுக்குத் தெரியாது. வானம் மேலும் கீழும் இருந்தது. அவள் என்னைக் கையால் அமர்த்திவிட்டுத் தனியே முன்னால் போனாள். மூச்சைப் பிடித்தாள், தோளில் தெரிந்தது. நானும் பிடித்தேன். திரும்பி வந்து கமெராவை என் கையில் தந்தாள்.

"கால் இருக்கோ எண்டு பாருங்கோ."

கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தேன்.

"ஒண்டு தான் இருக்குது."

"மற்றதை மடிச்சு வைச்சிருக்குது," என்றாள். "அதுவும் எங்களை மாதிரித் தீவார் தானே. ரெண்டையும் ஒரே தண்ணியிலை வையாது."